பைதானா, ஜாவாவா? முதலில் வீட்டுக் கணக்கு நோட்டை எடுங்கள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு ஒரே கேள்விதான். "அக்கா, பைதான் படிக்கட்டா, ஜாவா படிக்கட்டா?" தக்கலையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், பதினைந்து வருஷமாகக் கோடிங்தான் சோறு போடுகிறது என்பது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் சித்தி மகன், அவனுடைய கூட்டுக்காரன், பக்கத்து வீட்டு அக்காவின் மகள் என்று ஆள் மாறி மாறிக் கேட்பார்கள். ஆரம்பத்தில் நானும் ஒரு புரோகிராமிங் மொழியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். மூன்று மாதம் கழித்து விசாரித்தால் அந்தப் பிள்ளை அதை விட்டுவிட்டு வேறொன்றில் முதல் பாடத்தில் நிற்கும், அதற்கடுத்த மூன்று மாதத்தில் இன்னொன்று. மூன்று மொழியில் "வணக்கம்" என்று திரையில் காட்டத் தெரியும், அதற்கு மேல் எதிலும் ஒரு வரி சொந்தமாக எழுதத் தெரியாது.

இப்போது நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன். "உங்க வீட்டுல யாராவது நோட்டுல கணக்கு எழுதுறாங்களா?"

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு "இல்லை" என்று சொல்கிற வீடு குறைவு. குலசேகரம் பக்கம் என்றால் ரப்பர் ஷீட் கணக்கு இருக்கும். தோவாளை என்றால் பூ, குளச்சல் என்றால் வள்ளத்துக்கு அடித்த டீசல், மார்த்தாண்டம் என்றால் தேன். ஒன்றும் இல்லாத வீட்டில் சுய உதவிக் குழுச் சந்தாவாவது இருக்கும். அந்த நோட்டில் இருக்கும் ஒரு கணக்கைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. மொழி அதற்கு ஒரு கருவி. செய்ய வேண்டிய வேலை கையில் இருந்தால் எந்தக் கருவி என்பதை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம், வேலையே இல்லாமல் கருவியை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் வருஷம் போய்விடும்.

சரி, புரோகிராமிங் மொழி என்றால் என்ன? அதை முதலில் பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில்லுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, எண்கள்தான் தெரியும். இந்த எண்ணை எடு, அந்த எண்ணோடு கூட்டு, இங்கே வை என்கிற மாதிரி மிகச் சின்ன உத்தரவுகள், அவையும் எண்களாகவே இருக்கும். மனிதர் உட்கார்ந்து அப்படி எழுதினால் ஒரு நாளில் கண் கெட்டுவிடும். அதனால் நாம் படிக்கிற மாதிரியான சொற்களில் எழுதிக்கொள்ளவும், பிறகு அதைச் சில்லுக்குப் புரிகிற எண்களாக மாற்றிக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்த நடுவிலிருக்கும் எழுத்து முறைதான் புரோகிராமிங் மொழி. மாற்றித் தருவதற்கு இரண்டு வழி உண்டு. நம் ஊர்ப் பாட்டியைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், டாக்டருக்கு மலையாளம்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் நோய் விவரம் முழுவதையும் வீட்டிலேயே மலையாளத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் அது கம்பைலர். நாம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டி ஒரு வரி சொல்லச் சொல்ல அதை மாற்றிச் சொன்னால் அது இன்டர்பிரெட்டர். சி என்கிற மொழி முதல் வகை, பைதான் இரண்டாம் வகை. உள்ளே நடப்பது இதைவிடக் கொஞ்சம் சிக்கல், ஆனால் தொடங்குகிறவருக்கு இந்த அளவு போதும்.

எந்த மொழியை எடுத்தாலும் அடியில் இருப்பது நாலைந்து யோசனைகள்தான், அவை நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ரப்பர் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு நான் இப்படித்தான் சொல்வேன். "மழை பெய்தால் இன்று வெட்டு இல்லை" என்பது நிபந்தனை. "ஒவ்வொரு மரமாகப் போய்ச் சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்று, கடைசி மரம் வரை" என்பது திரும்பத் திரும்பச் செய்தல், லூப் என்பார்கள். "ஷீட் அடி" என்று அப்பா ஒரே வார்த்தையில் சொல்கிறார் இல்லையா, அந்த ஒரு வார்த்தைக்குள் பாலை அரிப்பது, தண்ணீர் சேர்ப்பது, ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைப்பது, உறைந்ததை ரோலரில் விடுவது, காயப் போடுவது எல்லாம் அடங்கியிருக்கிறது, அதுதான் ஃபங்ஷன். ஒருமுறை விளக்கமாகச் சொல்லி ஒரு பெயர் வைத்துவிட்டால் பிறகு பெயரைச் சொன்னால் போதும். "இன்றைய பால் எவ்வளவு" என்று எழுதுகிற கட்டம்தான் வேரியபிள், கட்டம் அதேதான், உள்ளே இருக்கும் எண் நாளுக்கு நாள் மாறும். இதில் உங்களுக்குப் புரியாதது எதுவும் இல்லை பாருங்கள். நீங்கள் படிக்கப்போவது, இதையெல்லாம் ஒரு படி கூட விடாமல், ஒன்றும் தெரியாத ஒருவருக்கு எழுதிக் காட்டுகிற பழக்கத்தைத்தான்.

என் சித்தி மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். குலசேகரத்துக்கு மேலே ஒரு ஏக்கர் ரப்பர். சித்தப்பா ஷீட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, கிலோ எவ்வளவு, விலை எவ்வளவு, ஒட்டுப்பால் (சிரட்டையில் ஒட்டி உறைந்த மிச்சப் பால்) எவ்வளவு என்று பழைய டைரியில் எழுதி வைப்பார். அவனை அந்த டைரியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. முதலில் தாளில் தமிழில் எழுதச் சொன்னேன். அவன் எழுதியது இது:

முதல் வாரக் கிலோவைக் கேள்
இரண்டாம் வாரக் கிலோவைக் கேள்
மொத்தம் = முதல் வாரம் + இரண்டாம் வாரம்
பணம் = மொத்தம் × 190
மொத்தத்தையும் பணத்தையும் காட்டு

190 என்பது ஒரு கிலோ ஷீட்டுக்கு நாங்கள் சும்மா வைத்துக்கொண்ட விலை. இதை அப்படியே பைதானில் ஐந்து வரியாக எழுதினான். ஓட்டினான். முதல் வாரம் 12 கிலோ, இரண்டாம் வாரம் 15 கிலோ என்று கொடுத்தான். மொத்தம் என்று வந்தது 1215. அதற்கு அடுத்து, பணம் வர வேண்டிய இடத்தில், 121512151215 என்று திரை நிறையக் கொட்டியது. கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பயந்துவிட்டான்.

கெடவில்லை. கீபோர்டிலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் பைதான் அதை எழுத்துகளாகத்தான் வாங்கிக்கொள்ளும். 12 என்று தட்டினால் அதற்கு அது பன்னிரண்டு என்கிற எண் இல்லை, "1" என்கிற எழுத்தும் "2" என்கிற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு எழுத்துச் சரங்களைக் கூட்டச் சொன்னால் ஒட்டிவைக்கும், அதனால் 1215. ஒரு எழுத்துச் சரத்தை 190ஆல் பெருக்கச் சொன்னால் அதை 190 முறை அடுத்தடுத்து எழுதும், அதைத்தான் அவன் பார்த்தான். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. "இதை எண்ணாக எடுத்துக்கொள்" என்று ஒரு வார்த்தை சேர்த்ததும் 27 கிலோ, 5130 ரூபாய் என்று சரியாக வந்தது. மறுநாள் 12.5 கிலோ என்று கொடுத்தபோது மறுபடி நின்றுவிட்டது, வேல்யூ எரர் என்றது. காரணம், அவன் சேர்த்தது முழு எண்ணாக மாற்றுகிற சொல். புள்ளி வைத்த எண்ணுக்கு வேறு சொல் இருக்கிறது. இந்த இரண்டு நாளில் அவன் படித்தது டேட்டா டைப் என்கிற பாடம். புத்தகத்தில் அது இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு அட்டவணையாக இருக்கும், பத்து முறை படித்தாலும் மனசில் நிற்காது. திரை முழுக்க 1215 பார்த்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

இந்த ஒரு தவறை வைத்தே மொழிகளுக்கு நடுவில் என்ன வித்தியாசம் என்று காட்டிவிடலாம். இதே ஐந்து வரியை இதே தவறோடு ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் மொத்தம் என்று அதுவும் 1215 காட்டும். ஆனால் பெருக்கும்போது, "ஓ, பெருக்கச் சொல்கிறார், அப்படியானால் எண்ணாகத்தான் இருக்கும்" என்று தானாகவே மாற்றிக்கொண்டு 230850 ரூபாய் என்று சொல்லிவிடும். ஒரு எரரும் வராது. ஒரு ஏக்கரில் இரண்டு வாரத்துக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரம்! வீட்டில் டைரி இருப்பதால் தவறு என்று தெரிகிறது, இல்லாவிட்டால் நம்பிவிடுவோம். சி மொழியில் ஆரம்பத்திலேயே "இந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் வரும்" என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதனால் இந்தத் தவறு அங்கே இந்த உருவத்தில் வராது, அதற்குப் பதிலாக எழுத வேண்டிய சடங்கு அதிகம். ஜாவாவும் முன்கூட்டியே வகையைச் சொல்லச் சொல்லும், அதற்கும் மேலே, வழக்கமாக ஐந்து வரிக் கணக்குக்கு வெளியே ஒரு கிளாஸ், அதற்குள் ஒரு மெயின் என்று கூடு கட்டச் சொல்லும். ஒவ்வொரு மொழியும் எங்கே கண்டிப்பு, எங்கே தாராளம் என்பதில்தான் மாறுகிறது. எது நல்லது என்று ஒரே பதில் கிடையாது, என்ன வேலைக்கு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்படியானால் நான் எதைச் சொல்வேன்? வீட்டுக் கணக்கில் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் பைதான். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. நெதர்லாந்துக்காரர் கிடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட மொழி அது, எழுதுவது போலவே படிப்பதும் சுலபமாக இருக்க வேண்டும் என்பதைக் கவனத்தில் வைத்துச் செய்தது. தாளில் தமிழில் ஐந்து வரி எழுதினால் பைதானிலும் ஏறக்குறைய ஐந்து வரிதான் வரும். வரிகளை உள்தள்ளி எழுதாவிட்டால் ஓடாது என்று அடம்பிடிக்கும், அது முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு அதுவே நல்ல பழக்கமாகிவிடும். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸிலும் பைதான் வந்துவிட்டது, தமிழ் வழிப் பாடப்புத்தகமே இருக்கிறது, இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு பிள்ளைக்கு மனசு வேறு பக்கம் இருந்தால் நான் தடுக்க மாட்டேன். தோவாளையிலிருந்து ஒரு மாணவி வந்தாள், அம்மா சந்தையில் பூ வாங்கிக் கட்டிக் கொடுப்பவர். பிச்சி என்ன விலை, கேந்தி என்ன விலை என்பது தினமும் மாறும், ஓணம் நெருங்கினால் காலையில் ஒரு விலை, அரை மணி நேரத்தில் இன்னொரு விலை. அவளுக்கு வேண்டியது, அம்மா போனில் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு பக்கம். அதற்குப் பைதானில் தொடங்கினால் கண்ணில் படுகிற மாதிரி ஒன்று வருவதற்கு நாளாகும், ஆர்வம் வற்றிவிடும். பிரவுசருக்குள் ஓடுகிற மொழி ஜாவாஸ்கிரிப்ட், அதனால் அவளுக்கு அதையே சொன்னேன். கூடவே எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் வேண்டும், அவை புரோகிராமிங் மொழிகள் இல்லை, பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற குறியீடுகள், இரண்டு வாரத்தில் தேவையான அளவு வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டை பிரெண்டன் ஐக் 1995இல் பத்து நாளில் முதல் வடிவம் செய்து கொடுத்தார் என்பது வரலாறு. அந்த அவசரத்தின் தழும்புகள் மொழியில் இன்னும் இருக்கின்றன, மேலே பார்த்த 230850 மாதிரி. இன்னொன்று, ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. அந்த வருஷம் ஜாவாவுக்குப் பெரிய பேச்சு இருந்தது, அதனால் அந்தப் பெயரை ஒட்டி வைத்தார்கள். ஒன்றைப் படித்தால் மற்றது பாதி வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மோட்டார், சென்சார், மெஷின் பக்கம் ஆசை என்றால், அதாவது முப்பந்தல் காற்றாலையைப் பார்த்தால் பஸ் ஜன்னலை விட்டு நகராத பிள்ளை என்றால், சி. டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் செய்தது, இன்றைக்கும் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தின் உள்மையம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, நாம் ஓட்டுகிற பைதானே சி-யில் எழுதியதுதான். ஆர்டுயினோ போர்டு, அதாவது புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய சின்ன மின்னணுப் பலகை, ஒன்று வாங்கி ஒரு விளக்கை எரியவிட்டு அணைத்தால் சி-யும் சி++உம் அதுபாட்டுக்கு வந்துவிடும். இன்ஜினியரிங் சேர்ந்து முதல் வருஷம் கல்லூரியிலேயே சி வைத்திருந்தால் அதோடு சண்டை போடாதீர்கள், அதையே முதல் மொழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நேரத்தில் கல்லூரியில் ஒன்று வீட்டில் ஒன்று என்று போனால் இரண்டிலும் பாக்கி விழும். ஆண்ட்ராய்டு ஆப் என்றால் கோட்லின், அது கொஞ்சம் பின்னால் வரட்டும். எதைத் தொடங்கினாலும் ஆறேழு மாதத்தில் எஸ்கியூஎல் பக்கம் போய்விடுங்கள். தகவலைச் சேர்த்துவைத்துக் கேள்வி கேட்கிற மொழி அது, வங்கியிலும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எந்தப் பெரிய மென்பொருளைத் திறந்தாலும் அடியில் அது இருக்கும், இருந்தும் தொடங்குகிறவர்களுக்கு யாரும் அதைச் சொல்வதே இல்லை என்பது என் ஆதங்கம்.

"தப்பான மொழியை எடுத்துட்டா வருஷம் வீணாப் போயிடுமே அக்கா" என்று கேட்பார்கள். போகாது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் இது திருவிதாங்கூர் பக்கம் இருந்த மண். கேரள எல்லையிலிருக்கும் களியக்காவிளையில் கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். அவர் மலையாளத்தை யாரிடமும் உட்கார்ந்து படிக்கவில்லை. ஒரு மொழி நன்றாக இருந்தது, அடுத்தது அதன் மேல் ஏறிக்கொண்டது. புரோகிராமிங்கிலும் அதேதான், முதல் மொழிக்கு ஆறு மாதம் என்றால் இரண்டாவதற்கு ஆறு வாரம் போதும், ஏனென்றால் நிபந்தனையும் லூப்பும் ஃபங்ஷனும் ஏற்கெனவே மனசில் இருக்கின்றன, எழுதுகிற விதம் மட்டும்தான் புதிது. அப்புறம் ஒன்று, கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதே மாதிரிதான். திருநெல்வேலிக்காரரிடம் "வெள்ளம்" என்றால் ஊரைக் கொண்டுபோகிற வெள்ளம், எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் "வெள்ளம்" என்றால் குடிக்கிற தண்ணீர், நம் விளவங்கோட்டுப் பக்கமும் அப்படித்தான். சொல் ஒன்று, பொருள் வேறு. 7ஐ 2ஆல் வகுக்கச் சொல்லுங்கள்: பைதான் 3.5 என்னும், சி 3 என்னும். இரண்டிலும் நாம் போட்டது அதே சாய்கோடுதான். சி-யில் இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும், மிச்சம் விழுந்துவிடும். மொழி மாறும்போது இப்படிச் சில "வெள்ளங்கள்" இருக்கும், ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டால் போதும்.

இனி, பலர் என்னிடம் சொல்லத் தயங்கிக் கடைசியில் மெதுவாகச் சொல்கிற விஷயம். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது அக்கா, தமிழ் மீடியம்." இதைச் சொல்லும்போது அந்த முகங்களில் இருக்கும் கூச்சம் எனக்குப் பழக்கம், நானும் தமிழ் மீடியம்தான்.

பைதான் மொழிக்கு என்று ஒதுக்கிவைத்த சொற்கள் மொத்தம் 35. முதலில் தரப்படுத்திய சி-யில் 32. முப்பத்தைந்து சொற்களைக் கற்றுக்கொள்ள ஆங்கிலப் புலமை தேவையில்லை, அவற்றிலும் முதல் இரண்டு மாதம் பத்துப் பதினைந்துதான் கைக்கு வரும். மற்ற பெயர்கள் எல்லாம் நாம் வைப்பவை, பைதான் 3இல் தமிழிலேயே வைக்கலாம். என் சித்தி மகன் "கிலோ", "விலை", "ஒட்டுப்பால்" என்று தமிழ் எழுத்திலேயே வேரியபிள் பெயர் வைத்திருந்தான், ஓடியது. வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலப் பெயர்தான் வைக்கச் சொல்வார்கள், அதைப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். கட்டளைச் சொற்களே தமிழில் இருக்கும் மொழியும் உண்டு, முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு யோசனைகளைப் புரியவைக்க அருமையான வழி. அங்கே பழகியதைப் பிறகு பைதானுக்குக் கொண்டுபோவதில் சிரமம் இல்லை. தமிழில் படிக்கக் கணியம் தளத்தில் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாக நிறைய உண்டு.

ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படுவது எரர் செய்தியைப் படிக்க. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். சின்ன நோட்டு ஒன்று போடுங்கள். எரர் வரும்போதெல்லாம் அதை அப்படியே பார்த்து எழுதுங்கள், கீழே தமிழில் அர்த்தம், அதற்குக் கீழே என்ன செய்ததும் சரியானது என்று ஒரு வரி. பைதானில் எரர் நீளமாக வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கும், அதற்கு மேலே எந்த வரியில் என்று எண் இருக்கும். நேம் எரர் என்றால் நீங்கள் சொல்கிற பெயர் அதற்குத் தெரியவில்லை, பெரும்பாலும் எழுத்துப் பிழை. சின்டாக்ஸ் எரர் என்றால் அடைப்புக்குறியோ முக்காற்புள்ளியோ விட்டுப்போயிருக்கும். இன்டென்டேஷன் எரர் என்றால் உள்தள்ளல். முதல் இரண்டு மாதத்தில் வருகிற எரர்களில் பெரும்பங்கு இந்த மூன்றும், எழுத்தையும் எண்ணையும் கலந்தால் வருகிற டைப் எரரும்தான். நோட்டில் இருபது பக்கம் நிறைவதற்குள் புதிதாக எழுத ஒன்றும் இல்லாமல் போவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு நல்ல பயிற்சியும் இருக்கிறது. "அம்மா" என்பதில் எத்தனை எழுத்து என்று பைதானைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு மூன்று. அது ஐந்து என்னும். "நாகர்கோவில்" நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. தவறு இல்லை. யூனிகோட் என்பது கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற பொது முறை, அதில் ம் என்பது ம-வும் புள்ளியுமாக இரண்டு இடம், மா என்பது ம-வும் காலுமாக இரண்டு இடம். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன, திரையில் சேர்த்துக் காட்டுகிறது. அப்படியானால் நாம் எண்ணுகிற மாதிரி மூன்று என்று சொல்ல வைக்க என்ன எழுத வேண்டும்? குறிகளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். ஒரு லூப், ஒரு நிபந்தனை, ஒரு எண்ணிக்கை. ஒரு மாதம் படித்தவரால் முடியும். முடித்த அன்று, எந்த ஆங்கிலப் பாடத்திலும் இல்லாத ஒன்றைச் செய்திருப்பீர்கள்.

லேப்டாப் இல்லையே என்பவர்களுக்கு: வீட்டில் அண்ணனோ அக்காவோ அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை மூலையில் வைத்திருந்தால் தூசி தட்டி எடுங்கள், பைதான் படிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. தோனி என்று ஒரு எடிட்டர் இருக்கிறது, கிரிக்கெட் தோனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, எஸ்டோனியா நாட்டில் தொடங்குகிறவர்களுக்காகவே செய்தது, எந்தக் கட்டத்தில் இப்போது என்ன எண் இருக்கிறது என்று ஒவ்வொரு வரியாக நடந்து காட்டும். போன் மட்டும்தான் என்றால் பைட்ராய்ட் என்கிற ஆப், அல்லது பிரவுசரில் கூகுள் கோலாப். போனில் தட்டுவது கைக்கு நோவுதான், ஆனாலும் முதல் இரண்டு மாதத்தை ஓட்டிவிடலாம்.

வீடியோ பார்த்துப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் எழுதிக் காட்டினால் அது பழைய பைதான் 2, மூடிவிடுங்கள். 2020 ஜனவரி 1 உடன் அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, உங்கள் கம்ப்யூட்டரில் அது எரர்தான் தரும், தப்பு உங்களுடையது என்று நினைத்து ஒரு நாளை வீணாக்குவீர்கள். அப்புறம், பார்ப்பது படிப்பது ஆகாது. அரை மணி நேர வீடியோவில் ஐந்து நிமிஷம் பார்த்து நிறுத்துங்கள், காட்டியதைப் பார்க்காமல் தட்டுங்கள், காப்பி பேஸ்ட் வேண்டாம், பிறகு அதில் ஒரு எண்ணை மாற்றி, ஒரு வரியை நீக்கி, என்ன ஆகிறது என்று பாருங்கள். தினமும் முக்கால் மணி நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாள் தொடாமல் இருப்பதைவிட அதுதான் ஒட்டும்.

சென்டரில் சேர வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். நான் கல்லூரி முடித்தபோது நாகர்கோவிலில் ஒரு சென்டரில் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் ஆறு மாதத்தில் நான்கு மொழி படித்தேன். சான்றிதழில் நான்கும் இருந்தது. முதல் இன்டர்வியூவில் ஒரு பட்டியலில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க எழுதச் சொன்னார்கள், எந்த மொழியில் வேண்டுமானாலும் என்றார்கள், நான்கில் ஒன்றிலும் எழுத முடியவில்லை. அப்பாவின் கடன் அடைய இரண்டு வருஷம் ஆனது. அதனால்தான் சொல்கிறேன், குறைந்த காலத்தில் நிறைய மொழி என்று விளம்பரம் செய்கிற இடத்துக்குப் பணம் கட்டும் முன்னால், அங்கே படித்து முடித்த ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து "நீயா எழுதினது ஒண்ணைக் காட்டு மக்கா" என்று கேளுங்கள். காட்டினால் சேருங்கள். நல்ல ஆசிரியர்கள் இருக்கிற இடங்களும் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து தவறைக் காட்டித் தருகிற ஒருவர் கிடைத்தால் அதற்குக் காசு கொடுப்பது நஷ்டமே இல்லை.

ஏஐயே எல்லாவற்றையும் எழுதித் தருகிறதே, பிறகு நான் எதற்குப் படிக்க என்பது இப்போது புதிதாக வருகிற கேள்வி. எழுதித் தரும்தான். நானும் வேலையில் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தந்ததில் 1215 எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, 1215ஐ ஒருமுறையாவது சொந்தமாகச் சந்தித்திருக்க வேண்டும். தொடங்குகிற முதல் ஆறு மாதம் அதை எழுதச் சொல்லாதீர்கள், விளக்கச் சொல்லுங்கள். "இந்த எரருக்கு என்ன அர்த்தம், தமிழில் சொல், விடையைச் சொல்லாதே" என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லும், இரவு பன்னிரண்டு மணிக்கும் சொல்லும். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

சித்தி மகன் இப்போது ஐந்தாவது மாதத்தில் இருக்கிறான், இன்னும் பைதான்தான். ஐந்து வரி நூற்றிருபது வரி ஆகிவிட்டது. ஷீட்டுக்கு ஒரு விலை, ஒட்டுப்பாலுக்கு ஒரு விலை, வெட்டுக்காரர் பங்கு கழித்து மீதி என்று எல்லாம் வந்துவிட்டது, ஃபைலில் சேமிக்கவும் தெரிந்துகொண்டான். போன வாரம் சித்தப்பாவிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி மக்களே, போன மாசம் மழையில எத்தனை நாள் வெட்டு போச்சு, அது இதுல தெரியுமா?" என்று கேட்டாராம். தெரியாது. மழை நாளை அவன் குறித்துவைக்கவே இல்லை. அன்று ராத்திரியே எனக்குப் போன். "அக்கா, தேதியை எப்படி எண்றது? ஒண்ணு விட்டு ஒரு நாள் வெட்டுன்னா, எந்த நாள் மழையால விட்டது, எந்த நாள் முறையே இல்லாதது, அதைப் பிரிக்கணும்." தேதிக்கென்று பைதானில் தனியாக ஒரு தொகுப்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மற்றதை அவனே தேடிக்கொண்டிருக்கிறான்.